கயிறு, பெஞ்சு, பதிவேடு: வாசகர் கேள்வி – பதில்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர்களுக்கிடையே நிலவும் வேறுபாடுகளைப் பற்றி எழுதுமாறு ஆசிரியர் குழு சென்ற இதழில் கேட்டிருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘பெயர் வேண்டாம்’ என்ற வேண்டுகோளோடு முடிந்திருந்ததால், எவர் பெயரையும் வெளியிடவில்லை. அரசுப் பள்ளிகளில் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதலே மாணவர்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டி வருகிறார்கள். எந்த நிறம் எந்தச் சாதிக்குரியது என்பது எல்லோருக்கும் தெரியும். அவிழ்க்கச் சொன்னால் ‘கோயில் கயிறு டீச்சர்’ என்கிறார்கள். கத்தரிக்கோலை எடுப்பதா, கண்டும் காணாமல் இருப்பதா?
— ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

கத்தரிக்கோலை ஒருமுறை நானும் எடுத்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, இறைவணக்கக் கூட்டத்திலேயே வரிசை வரிசையாகச் சென்று கயிறுகளை அறுத்து, ஒரு பிஸ்கட் டப்பாவை நிறைத்து, பெரிதாக எதையோ சாதித்துவிட்டவனைப் போல அறைக்குத் திரும்பினேன். புதன்கிழமைக்குள் அதே மணிக்கட்டுகளில், அதே நிறங்களில், பேனா மையால் வளையம் வரைந்துகொண்டு வந்தார்கள். மையை எதைக் கொண்டு அறுப்பது?

அரசும் ஏறக்குறைய இதே அனுபவத்தைக் கடந்துதான் வந்திருக்கிறது. பயிற்சியில் இருந்த 2018ஆம் ஆண்டுத் தொகுதி இந்திய ஆட்சிப்பணி அலுவலர்கள் இந்தக் கயிறுகளைப் பற்றி முறையிட்டதன் பேரில், 2019இல் பள்ளிக்கல்வி இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே, பழைய நிலையே தொடரும் என்று துறை அமைச்சர் அறிவித்துவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர், பள்ளியில் தமக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றி முறையிட்ட பிறகு, இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற அவருடைய தங்கையும் வெட்டுப்பட்டார். பிடிபட்டவர்கள் பள்ளி மாணவர்கள். அதன் பிறகே ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை அரசிடம் அளிக்கப்பட்டது.

அந்த அறிக்கையில் ஊடகங்கள் பெரிதாகப் பேசியவை கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் ஆகியவற்றுக்கான தடையைப் பற்றிய பரிந்துரைகள். திலகத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்ததால் விவாதம் சமயத்தின் பக்கம் திரும்பி, சாதியைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விட்டது என்பது என் வருத்தம். ஒரு பகுதியில் எந்தச் சாதி ஆதிக்கம் செலுத்துகிறதோ அந்தச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ அமர்த்தக் கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரைகள், கயிற்றைவிட எத்தனையோ மடங்கு முக்கியமானவை. ஆனால் அவை பெரியவர்களைத் தொடுகின்றன. பிள்ளையின் கையைப் பிடித்துக் கயிற்றை அறுப்பதில் இருக்கும் எளிமை, ஆசிரியரின் பணியிடத்தில் கைவைப்பதில் இல்லை.

இந்தக் கயிறு ஏன் ஐந்தாம் வகுப்பில் தென்படாமல் உயர்நிலை வகுப்புகளில் முளைக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஊருக்குள்ளேயே, சில இடங்களில் ஒரே தெருவுக்குள்ளேயே, இருந்துவிடுகிறது. மேல்நிலைப் பள்ளிக்கோ சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு ஊர்களிலிருந்து பேருந்தில் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். முகம் தெரியாத கூட்டத்துக்குள் முதல் நாள் நுழையும் பதினான்கு வயதுப் பையனுக்கு, ‘யாராவது அடித்தால் நம் பக்கம் யார் இருக்கிறார்கள்’ என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. பள்ளி அதற்குப் பதில் சொல்லாவிட்டால், அவனுடைய ஊரைச் சேர்ந்த மூத்த மாணவர்கள் சொல்வார்கள். பதிலைக் கையிலேயே கட்டியும் விடுவார்கள். பிறகு எந்த பெஞ்சில் உட்காருவது, யாருடைய தண்ணீர்ப் புட்டியை வாங்கிக் குடிப்பது, எந்தப் பக்கத்துக் குழாயில் கை கழுவுவது என்பதையெல்லாம் அந்த நிறமே தீர்மானிக்கத் தொடங்குகிறது.

ஆகவே ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களைக் கைப்பற்றுங்கள் என்பதே என் ஆலோசனை. முதல் நாளே அகர வரிசையில் இருக்கை கொடுத்து, மாதந்தோறும் வரிசையை நகர்த்துங்கள். புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு ஊரைச் சேர்ந்த பிளஸ் ஒன் மாணவர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துங்கள். நான் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு இதைத்தான் செய்தேன். கயிறு முற்றிலும் மறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கயிற்றை வைத்து பெஞ்சைக் கணிக்க முடியாத நிலை இரண்டு ஆண்டுகளில் வந்தது. ‘கோயில் கயிறு’ என்று சொல்லும் மாணவரைத் தனியாக அழைத்து, ஒரே நிறம் ஒரே தெருப் பிள்ளைகளின் கையில் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தின் நடுவே கேட்டால், அவர் வீரனாகித்தான் திரும்புவார்.

கேள்வி: நான் படித்த காலத்தில் பள்ளியில் சாதியே தெரியாது. எல்லோரும் அண்ணன் தம்பிகளாகப் பழகினோம். செல்பேசி வந்த பிறகுதானே பிள்ளைகள் கெட்டுப் போனார்கள்?
— ஓய்வு பெற்ற அஞ்சல் துறை ஊழியர், பாளையங்கோட்டை

நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் சேரன்மகாதேவி இருக்கிறது. அங்கே வ.வே.சு. ஐயர் 1922இல் ஒரு குருகுலத்தை நிறுவினார். தேசியக் கல்விக்காக, காங்கிரஸ் நிதியும் பொதுமக்கள் நன்கொடையும் பெற்று நடந்த நிறுவனம் அது. அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது என்ற செய்தி 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றார்கள். அந்தச் செய்தியை வெளியே கொண்டுவந்தவர், பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின், அங்கே படித்துக்கொண்டிருந்த மகன் என்பார்கள். நாட்டு விடுதலைக்காகத் தம்மையே ஒப்படைத்த ஒரு மனிதரின் பள்ளியிலேயே, பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்கிப் பந்தி பிரிந்தது. செல்பேசியைக் குற்றம் சாட்டுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

உங்கள் நினைவைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் குடியிருப்பின் ஓரத்திலிருந்து வந்த தோழர் ஒருவரேனும் இருந்திருப்பார். அவருடைய முகவரி கிடைத்தால், அந்தக் காலத்தில் சாதி தெரிந்ததா தெரியவில்லையா என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். செல்பேசியைப் பொறுத்தவரை ஓர் உண்மையை மறுக்க முடியாது: முன்பு தெருமுனையில் பேசி முடிந்துபோன வசை, இன்று தலைவர்களின் படத்தோடும் பாட்டோடும் ஓர் இரவுக்குள் நூறு கைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கல்வி உதவித்தொகைப் படிவம் கொடுப்பதற்காக வகுப்பாசிரியர் ‘எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்’ என்று சொன்னாராம். அன்றிலிருந்து அவள் கணக்குப் பாடத்தில் பின்தங்குகிறாள். ‘உதவி கிடைக்கிறதே, இதில் என்ன இருக்கிறது’ என்கிறார்கள். நான் மிகைப்படுத்துகிறேனா?
— ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

இல்லை, அம்மா. நீங்கள் வீட்டில் கண்டதை ஆய்வாளர்கள் வகுப்பறையில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள், உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயர் சாதியினர் என்று கருதப்படுபவர்களில் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினரில் 321 பேர். எல்லோருக்கும் ஒரே மாதிரியான வழிகண்டுபிடிக்கும் புதிர்த் தாள்கள் கொடுக்கப்பட்டு, சரியாக முடித்ததற்கு ஏற்பப் பணமும் தரப்பட்டது. சாதியைப் பற்றி யாரும் வாய் திறக்காதபோது, இரு சாரார்க்கும் இடையே திறமையில் வேறுபாடே இல்லை. அதே புதிர்களைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு சிறுவனின் பெயரோடு சாதியையும் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தபோது, பெரிய இடைவெளி ஒன்று விழுந்தது. ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது.

அந்தச் சிறுவர்களின் மூளை ஒரு நிமிடத்தில் மழுங்கிவிடவில்லை. தாள் அதே தாள், கொடுக்கப்படும் பணமும் அதே பணம். இடையில் நடந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே. ‘எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நம்மை இப்படித்தான் மதிப்பிடப் போகிறார்கள்’ என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் கையை எப்படிக் கட்டிப் போடும் என்பதை, எழுந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் மகள் அறிந்துகொண்டாள். வகுப்பாசிரியருக்குத் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. மாலைக்குள் அலுவலகத்துக்குப் பட்டியல் போக வேண்டிய அவசரத்தில் சொல்லியிருப்பார். நானும் பணியின் தொடக்க ஆண்டுகளில் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவசரத்துக்கு இன்று காரணமும் இல்லை. மாணவர் விவரங்கள் அனைத்தும் பள்ளிக்கல்வித் துறையின் ‘எமிஸ்’ என்ற இணையப் பதிவுத் தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. படிவத்தை உறையில் போட்டு, மற்ற கடிதங்களைப் போலவே பெயர் எழுதிக் கொடுத்துவிடலாம். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறக் கூடாது, மாணவரைச் சாதியால் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது என்று நீதிபதி சந்துருவின் அறிக்கையும் சொல்கிறது. முதலில் வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, மகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். மறுபடியும் நடந்தால், எழுத்துமூலமாகத் தலைமையாசிரியரிடம் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் மகளுக்குக் கணக்கு வராமல் போகவில்லை.

கேள்வி: பள்ளியில் சேர்க்கும்போது சாதியைக் கேட்பதை நிறுத்தினாலே சாதி ஒழிந்துவிடாதா? சான்றிதழில் எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் கயிறு கட்டாதே என்று சொல்வது முரண் இல்லையா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆண்டு என் பணிக்காலத்தில் ஒன்றுகூட இல்லை. முதலில் ஒரு செய்தி: பள்ளிச் சேர்க்கையின்போது சாதி, மத விவரங்களைச் சொல்ல விரும்பாத பெற்றோர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973லேயே ஆணை பிறப்பித்திருக்கிறது. ஆக, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

மருத்துவரின் குறிப்பேட்டில் உங்கள் நோயின் பெயர் இருக்கிறது. அதே பெயரை மருத்துவமனை வாசலில் நின்று ஒருவர் உரக்கக் கூவினால், இரண்டும் ஒன்றாகுமா? இழந்ததை ஈடுசெய்வதற்காக ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது வேறு; பிறரை ஒதுக்கவும் மிரட்டவும் மணிக்கட்டில் காட்டுவது வேறு. மேலே சொன்ன உத்தரப் பிரதேசச் சோதனையில் சிறுவர்களைச் சாய்த்தது, சாதி பதிவாகியிருந்ததா என்பதல்ல, அது அறிவிக்கப்பட்டதே. இன்னொன்றையும் கவனியுங்கள். சாதிப் பத்தியை வெறுமையாக விடுவது, நிலமும் உறவும் நகரத்தில் வீடும் உள்ள குடும்பத்துக்குப் பெருமையைத் தரும். உதவித்தொகையை நம்பிப் பதினோராம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கோ அது படிப்பையே நிறுத்திவிடும். தாசில்தார் அலுவலகத்தில் கொடுக்கும் சான்றிதழைப் பார்த்து, தண்ணீர்க் குழாயில் யாரும் வரிசை பிரிப்பதில்லை.

கேள்வி: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள் என் மகனின் வகுப்பில் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். இருந்தாலும் மகனின் படிப்பும் பழக்கமும் பாதிக்குமோ என்று என் கணவர் அஞ்சுகிறார்.
— ஒரு வாசகி, சென்னை

வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. பெற்றோர் கூட்டங்களில் இதைச் சுற்றி வளைத்துக் கேட்பவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

டெல்லியில், சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி 2007 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் கௌதம் ராவ், தம் முடிவுகளை 2019இல் வெளியிட்டார். ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்களைவிடத் தாராள மனத்தோடும் பிறருக்கு உதவும் பழக்கத்தோடும் இருந்தார்கள். தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழைச் சிறுவனைத் தவிர்த்துவிட்டு மெதுவாக ஓடும் வசதியான சிறுவனைத் தேர்ந்தெடுக்கும் போக்கு அவர்களிடம் குறைந்திருந்தது. கணக்கிலும் இந்தியிலும் மதிப்பெண் பாதிக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறு சரிவு காணப்பட்டது. உங்கள் கணவரிடம் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு நுட்பம். சில பள்ளிகளில் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஏழைப் பிள்ளையின் பெயருக்கு அருகில் பெயர் அமைந்து, அதே குழுவில் வேலை செய்ய நேர்ந்த பிள்ளைகளிடமே மாற்றம் கூடுதலாகத் தென்பட்டது. வகுப்புக்குள் அவர்கள் இருந்தால் மட்டும் போதாது; பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்ய வேண்டும். தூத்துக்குடி ஆசிரியைக்கு எழுதிய பதிலில் அகர வரிசையை அவ்வளவு வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது இது: இந்த ஒதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. நட்பு ஆழமாக வேரூன்றும் வயதில், ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் ஜூன் மாதத்தில், கட்டணம் செலுத்த இயலாத அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வகுப்பிலிருந்து காணாமல் போவார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று உங்கள் மகன் கேட்கும் நாள் வரும். பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் உங்களுக்குக் குரல் இருந்தால், கட்டணச் சலுகையோடு அவர்களைத் தொடரச் செய்ய முடியுமா என்று இப்போதே பேச்சைத் தொடங்குங்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தியின் பத்தாம் வகுப்பறை, முதல் மாடியில் இருக்கிறது. நாள்தோறும் இருவர் தூக்கிச் செல்கிறோம். வேறு வழி உண்டா?
— ஆசிரியர், நாமக்கல் மாவட்டம்

வகுப்பைக் கீழே கொண்டு வாருங்கள். தரைத்தளத்தில் உள்ள எட்டாம் வகுப்பு மேலே போகட்டும். ஒரு சனிக்கிழமை மதிய வேலை அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆறு முதல் பதினெட்டு வயது வரை அந்தப் பிள்ளைக்கு அருகமைப் பள்ளியில் கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது; கட்டடம் அவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, நாள்தோறும் பிறர் கைகளால் தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவரிடமே கேட்டிருக்கிறீர்களா? ஆய்வகமும் மாடியில் இருந்தால் அதையும் சேர்த்தே யோசியுங்கள்.

கேள்வி: நூறு சதவீதத் தேர்ச்சிக்காக ‘மெல்லக் கற்போர்’ அனைவரையும் ஒரே பிரிவில் போட்டுத் தனிப் பயிற்சி கொடுக்கிறோம். இதில் தவறு உண்டா?
— பத்தாம் வகுப்பு ஆசிரியர், கடலூர் மாவட்டம்

மாலையில் ஒரு மணி நேரத் தனிப் பயிற்சியில் தவறில்லை. நாள் முழுதும் பிரித்து வைப்பதில் இருக்கிறது. அந்தப் பிரிவின் பெயர்ப் பட்டியலை எடுத்து, எத்தனை பேர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள், எத்தனை பேர் விடுமுறை நாட்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள், எந்தெந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று நீங்களே தனியாக உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். மதிப்பெண்ணை வைத்துத்தான் பிரித்தேன் என்று நம்பிய ஓர் ஆண்டில், ஊரின் வரைபடத்தையே வகுப்பறையில் வரைந்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்தப் பிரிவுக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப் பெயரை இங்கே அச்சிட முடியாது. தமிழ்வழி, ஆங்கிலவழி என்று ஒரே பள்ளிக்குள் இருக்கும் பிரிவுகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் பகுதியில் கபடி, கைப்பந்து அணிகள் ஊர் வாரியாக அமைவதால், ஒவ்வோர் அணியும் ஒரு சாதி அணியாகவே இருக்கிறது. போட்டி முடிந்ததும் சண்டை வருகிறது. விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்கிறார்களே?
— உடற்கல்வி ஆசிரியர், இராமநாதபுரம் மாவட்டம்

வளர்க்கும்; சில வேளைகளில் பகையையும் வளர்க்கும். எது நடக்கும் என்பது நீங்கள் அணி பிரிக்கும் விதத்தில் இருக்கிறது. மாட் லோ என்ற பொருளியலாளர் வாரணாசிப் பகுதியில் 1,261 இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் தொடர்களை நடத்திப் பார்த்தார். குலுக்கல் முறையில் சிலருக்குச் சாதி கலந்த அணியும் சிலருக்குத் தம் சாதியினர் மட்டுமே உள்ள அணியும் கிடைத்தன. வேறு சாதியினரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி கடந்த நண்பர்கள் கூடினார்கள். தம் சாதிக்காரருக்கே முன்னுரிமை தரும் போக்கும் குறைந்தது. வேறு சாதியினரை எதிரணியில் மட்டுமே சந்தித்தவர்களிடம் இந்தப் பயன் இல்லை. பழக்கம் குறையும் போக்கே தென்பட்டது.

ஆகவே ‘எல்லோரும் கலந்து விளையாடுகிறார்கள்’ என்று மைதானத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன், யார் யாருக்குப் பந்தைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கபடி இதற்கு மிகப் பொருத்தமான ஆட்டம். சங்கிலியாகக் கை கோத்து நிற்காமல் ரெய்டு வருபவரைப் பிடிப்பது கடினம். அந்தக் கையை யாரோடு கோப்பது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. பள்ளி அளவிலான போட்டிகளுக்குச் சீட்டுக் குலுக்கி அணி பிரியுங்கள். ஊர்ப் பெயர்களையும் தலைவர்களின் பெயர்களையும் அணிகளுக்கு வைக்காதீர்கள். ஆறுகளின் பெயரோ மரங்களின் பெயரோ போதும். ஊர்ப் பெரியவர்கள் பரிசளிக்க வருவதாகச் சொன்னால், கோப்பையைப் பள்ளியே கொடுத்துவிடும் என்று பணிவோடு மறுத்துவிடுவது நல்லது. இந்த ஒரு மறுப்புக்காக ஒரு முறை என் மீது மேலிடத்துக்கு மனு போனது. போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, நானும் என் நண்பனும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளியில் என் டிபன் பாக்ஸில் சாப்பிடுவான். மாலையில் எங்கள் ஊர் நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும், என்னைத் தெரியாதவன் போல முன்னால் நடந்து போய்விடுகிறான். நானும் பின்னால் மெதுவாக நடக்கிறேன். அவனோடு பேசுவதை நிறுத்திவிடவா?
— பதினோராம் வகுப்பு மாணவர், ஊர் வேண்டாம்

தம்பி, இன்றைய கடிதங்களில் உங்களுடையதற்குப் பதில் எழுதவே எனக்கு அதிக நேரம் பிடித்தது.

பேருந்து நிறுத்தத்தில் அவர் உங்களை விட்டு முன்னே நடப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். உங்களோடு நடப்பதை அவரே இழிவாக நினைக்கலாம். அல்லது பார்த்துவிடுவார்களே என்று தம் வீட்டாருக்கும் தெருவினருக்கும் அஞ்சலாம். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி, அவருடைய ஊர் மூத்த மாணவர்கள் பள்ளியில் பக்கத்தில் இருக்கும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனிப்பது. அப்போதும் உங்கள் பெஞ்சை விட்டு எழாமல் இருக்கிறார் என்றால், அவருக்கு இருப்பது அச்சம். எழுந்து போய்விடுகிறார் என்றால், முடிவு உங்களுடையது. நிறுத்திவிட்டாலும் நீங்கள் எந்தத் தவறும் செய்தவராக மாட்டீர்கள்.

அச்சம்தான் என்று தெரிந்தால், இதைப் பற்றி அவரிடம் ஒருமுறை பேசுங்கள். நிறுத்தத்தில் வேண்டாம், பள்ளியில், இருவர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். ‘நீ ஏன் இப்படிச் செய்கிறாய்’ என்று தொடங்காமல், பின்னால் மெதுவாக நடப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அவரும் முன்னால் நடக்கும்போது முதுகில் எதையோ சுமந்துகொண்டுதான் நடக்கிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும். பதில் எதுவாக இருந்தாலும், அவருடைய தெருவுக்குள் ஒன்றாக நடந்து காட்ட வேண்டும் என்று இருவரும் வீரம் பேசிக் கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தெருவைத் திருத்தும் பொறுப்பு பதினாறு வயதுப் பிள்ளைகள் இருவருடையது அல்ல. அதற்குப் பெரியவர்கள் நாங்கள் இருக்கிறோம், இத்தனை ஆண்டுகளாகச் செய்யாமல். யாராவது மிரட்டினால் அன்றே உங்கள் வீட்டிலும் நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதன் பின்பக்கத்தில், உங்கள் கையெழுத்தில் உள்ள ஒரு கணக்கை வேறொருவர் சிவப்பு மையால் பாதியில் அடித்துத் திருத்தி, ஓரத்தில் ‘டேய், இங்கே மைனஸ்’ என்று எழுதியிருக்கிறார். அது அவர் எழுதியதா?